சிற்றில் சிதைக்க வருகிறவர்களுக்கு

"விளையாடுற வயசா இது?" என்ற கேள்வியை நாற்பது தாண்டிய ஓர் ஆணிடம் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் மூலக்குளத்தின் காலி மனைகளில் கிரிக்கெட் ஆடுகிறவர்களில் பாதிப் பேருக்குத் தொப்பை விழுந்துவிட்டது. மர நிழலில் சீட்டாடுகிறவர்களில் பேரன் எடுத்தவர்களும் உண்டு. அவர்களுக்கு அது பொழுதுபோக்கு. எனக்கு மட்டும் அந்தக் கேள்வி வாரத்துக்கு ஒருமுறையாவது வந்துவிடுகிறது.

நான் செய்வதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டைவிரலின் மேல்கணு அளவே உள்ள போர்வீரர்களுக்கும் சூனியக்காரிகளுக்கும் பூதங்களுக்கும் வண்ணம் தீட்டுகிறேன். அவர்கள் நின்று சண்டையிட மலையும் ஆறும் பாழடைந்த கோட்டையும் செய்கிறேன். ஆறடிக்கு நாலடி மேசையில் அந்த நிலத்தைப் பரப்பி, இரண்டு பேர் எதிரெதிராக நின்று, டேப் வைத்து அளந்து படைகளை நகர்த்தி, பகடை உருட்டி ஆடுகிற ஆட்டம் அது. ஒரு வீரனின் உயரம் பெரும்பாலும் 28 மில்லிமீட்டர். முகம் மிளகளவு. அந்த மிளகில் இரண்டு கண்ணும் ஒரு வடுவும் எழுத வேண்டும்.

பார்க்கிறவர்கள் கேட்பது மூன்றே கேள்விகள். "பாப்பாவுக்கா டீச்சர்?" "கொலுவுக்கா?" "விக்கிறீங்களா, நல்ல வெலை போகுமா?" நம் ஊரில் ஒரு பெண் தூரிகையைக் கையில் எடுக்க அனுமதிக்கப்பட்ட காரணங்கள் இந்த மூன்றும்தான்: பிள்ளை, சாமி, குடும்ப வருமானம். "எனக்குப் பிடிச்சிருக்கு, அதனால செய்றேன்" என்று சொன்னால் ஒரு நொடி அமைதி. பிறகு, "சாருக்கு ஒண்ணும் சொல்றதில்லையா?" சண்டை இந்த நாலாவது காரணத்துக்காகத்தான். யாருக்கும் பயன்படாத, யாருக்கும் கணக்குக் காட்டத் தேவையில்லாத, தன் சந்தோஷத்துக்கான நேரம் பெண்ணுக்கு உண்டா, இல்லையா? உண்டு என்று ஏட்டில் எல்லோரும் ஒப்புக்கொள்வார்கள். மேசையைப் போட்டு உட்கார்ந்து பாருங்கள், அப்போது தெரியும்.

இந்த வேலையை வெள்ளைக்காரப் பையன்களின் பொழுதுபோக்கு என்று நினைக்கிறவர்கள் நம் வீட்டுக் கொலுவைச் சரியாகப் பார்க்காதவர்கள். படிகளில் பொம்மை வைத்து முடித்ததும் கீழே தரையில் 'பார்க்' போடுவோமே, அது என்ன? மணலைக் கொட்டி மேடு பள்ளம் செய்து, கேழ்வரகையும் கடுகையும் நாலு நாள் முன்பே விதைத்துப் புல்வெளி எழுப்பி, முகம் பார்க்கும் கண்ணாடியைப் பதித்துக் குளமாக்கி, மரத்தூளில் பச்சைச் சாயம் கலந்து பாதையோரம் தூவி, செட்டியார் கடை, கல்யாண ஊர்வலம், கிரிக்கெட் செட் என்று அளவு பார்த்து நிறுத்துவது? இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இதையே தடித்த புத்தகங்கள் போட்டுக் கற்றுக்கொடுக்கிறார்கள். அங்கே அதற்குக் கலை என்று பெயர். இங்கே 'பொம்பளைங்க ஏதோ வெச்சிருக்காங்க'.

கொலுவை நான் புனிதப்படுத்தவில்லை. அது பெரும்பாலும் யார் வீட்டு நடுக்கூடத்தில் நடந்தது, யார் வாசலோடு நிறுத்தப்பட்டார்கள் என்பது நமக்குத் தெரியும். சுமங்கலிக்கு வெற்றிலை பாக்கு, கைம்பெண்ணுக்குச் சமையலறை என்று பிரித்த விழா அது. பொம்மை செய்த குயவர் வீட்டுப் பெண்ணுக்கு அந்தப் படியருகே இடம் இருந்ததா என்றும் கேட்கத்தான் வேண்டும். நான் சொல்வது வேறு. ஆண்டுக்கு ஒன்பது நாள், சாமியின் பெயரால், பெண்களுக்கு நிலம் செய்து விளையாட அனுமதி இருந்தது. பத்தாம் நாள் எல்லாவற்றையும் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றிவிட வேண்டும். மிச்ச முந்நூற்றைம்பத்தாறு நாளும் எனக்கு வேண்டும், சாமியின் சிபாரிசு இல்லாமல் வேண்டும் என்கிறேன்.

தமிழ் படித்தவள் என்பதால் எனக்கு இந்த வழக்கின் பழைய ஆவணங்களும் தெரியும். பெண்கள் சிறிதாக உலகம் செய்வதும், ஆண் வந்து அதைக் காலால் எத்துவதும் நம் இலக்கியத்தில் ஒரு துறையாகவே இருக்கிறது. பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களில் ஆண்பாலுக்கு உரியவை மூன்று: சிற்றில், சிறுபறை, சிறுதேர். சிற்றில் பருவத்தில் பாட்டுடைத் தலைவனான குழந்தை வீடு கட்டுவதில்லை. தெருவில் சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டை அவன் சிதைக்க வருகிறான். அவர்கள் சிதைக்காதே என்று கெஞ்சுகிறார்கள். பறை கொட்டுவதும் தேர் உருட்டுவதும் போல, பெண்கள் கட்டியதை அழிப்பதும் ஆண்பிள்ளை வளர்ச்சியின் ஒரு கட்டம். பெண்பால் பிள்ளைத்தமிழில் இதற்கு எதிரான பருவம் எதுவும் கிடையாது. அவளுக்கு நீராடல், அம்மானை, ஊசல். எந்தப் பெண் குழந்தையும் எவனுடைய சிறுதேரையும் உடைப்பதாகப் புலவர் யாரும் பாடவில்லை.

கலித்தொகையின் ஐம்பத்தோராம் பாட்டை ஒவ்வோர் ஆண்டும் வகுப்பில் நடத்துகிறேன். கபிலர் பாடியது. தெருவில் நாங்கள் கட்டிய மணல் வீட்டைக் காலால் கலைத்தவன், சூடிய மாலையை அறுத்தவன், பந்தைப் பறித்துக்கொண்டு ஓடியவன், இப்போது வளர்ந்து தண்ணீர் கேட்டு வீட்டுக்கு வருகிறான். கொடுக்கப் போனவளின் கையைப் பிடிக்கிறான். அவள் அலறி அம்மாவைக் கூப்பிடுகிறாள். அம்மா ஓடி வந்ததும், தண்ணீர் விக்கிக்கொண்டது என்று அவனைக் காப்பாற்றவும் செய்கிறாள். அழகான நாடகம் என்று எல்லா உரைகளும் கொண்டாடும் பாட்டு. அழகுதான். வகுப்பில் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், அந்த மணல் வீடு என்னாச்சு? திரும்பக் கட்டினாளா?" நான் பார்த்த உரை எதிலும் இதற்குப் பதில் இல்லை. இடிக்கப்பட்டது காதலின் முதல் அத்தியாயமாகிவிட்டது. கட்டியவளின் உழைப்பு அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அந்த உழைப்பைக் கணக்கில் எடுத்தவள் ஆண்டாள். நாச்சியார் திருமொழியின் இரண்டாம் பத்து முழுக்க, சிற்றிலைக் கலைக்காதே என்று கண்ணனிடம் சொல்லும் சிறுமிகளின் பேச்சு. அதை பக்தி என்றும் சிருங்காரம் என்றும் படித்துப் பழகியவர்கள் ஒருமுறை கைவேலைக் குறிப்பாகப் படித்துப் பாருங்கள். நாளெல்லாம் உட்கார்ந்து இழைத்து முதுகு நோகிறது என்கிறார்கள். வண்டலிலிருந்து நுண்மணலைத் தெள்ளி எடுத்ததைச் சொல்கிறார்கள். வீரனின் பாதத்துக்குக் கீழே ஒட்ட மணல் சலிக்கிறவளுக்கு அது அப்படியே புரியும். பெரிய மணலை ஒட்டினால் 28 மில்லிமீட்டர் மனிதனின் காலடியில் அது பாறாங்கல்லாகத் தெரியும். மாவுச் சல்லடையில் இரண்டு முறை சலித்தால்தான் அது மண்ணாகத் தெரியும். ஆண்டாளின் தோழிகளுக்கு அளவு விகிதம் தெரிந்திருந்தது. முதுகுவலியும் தெரிந்திருந்தது.

இனி மேற்கைப் பார்ப்போம், அங்கேயும் கதை வேறில்லை. 1812இல் பிரஷ்ய மன்னருக்காக ரைஸ்விட்ஸ் என்பவர் மேடும் ஆறும் ஊரும் கொண்ட நிலத்துண்டுகளை மாற்றி மாற்றி அடுக்கும் போர்விளையாட்டு மேசை செய்தார். அவருடைய மகன் 1824இல் அதை ராணுவ அதிகாரிகளுக்கான பயிற்சியாக்கினார். 1913இல் எச்.ஜி. வெல்ஸ் பொம்மை வீரர்களை வைத்து ஆட விதிகள் எழுதி, 'லிட்டில் வார்ஸ்' என்று நூலாக்கினார். இது பன்னிரண்டு வயது முதல் நூற்றைம்பது வயது வரையுள்ள பையன்களுக்கானது என்று அட்டையிலேயே அறிவிப்பு. கூடவே, பையன்களின் ஆட்டம் பிடிக்கிற, கொஞ்சம் கூடுதல் அறிவுள்ள ரகப் பெண்ணுக்கும் இடம் உண்டாம். நூற்றைம்பது வயது ஆணுக்கு நிபந்தனை இல்லை. பெண்ணுக்கு நுழைவுத் தேர்வு. வெல்ஸ் முற்போக்காளர், வேடிக்கையாகச் சொன்னார் என்பார்கள். நூறாண்டாக அதே வேடிக்கையைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

அதே காலத்தில் லண்டனில் வில்லியம் பிரிட்டன் நிறுவனம் உள்ளீடற்ற ஈய வீரர்களை வார்த்து விற்றது. 1893இல் தொடங்கிய அந்த உத்தியால் பொம்மை மலிந்தது, வெல்ஸ் போன்றவர்கள் படை சேர்க்க முடிந்தது. அந்தச் சிவப்புச் சட்டைகளுக்கு வண்ணம் தீட்டியவர்களில் பெரும்பாலோர் பெண்கள். எண்ணிக்கைக்குக் கூலி வாங்கியவர்கள். வீட்டுக்கு எடுத்துப்போய்த் தீட்டித் தந்தவர்களும் உண்டு. விதி எழுதியவரின் பெயர் உலகுக்குத் தெரியும். முகம் எழுதியவளின் பெயர் எதிலும் இல்லை.

அந்தக் 'கூடுதல் அறிவுள்ள ரகப் பெண்கள்' அதற்கு முன்பே இருந்தார்கள். 1826இல் பாட்ரிக் பிராண்டி தன் மகன் பிரான்வெல்லுக்கு ஒரு பெட்டி மர வீரர்களை வாங்கி வந்தார். மகள்கள் சார்லட், எமிலி, ஆன் ஆளுக்கு ஒன்றை எடுத்துக்கொண்டார்கள். சார்லட் தன் வீரனுக்கு வெலிங்டன் என்று பெயர் வைத்தாள். அந்த வீரர்களுக்காக நாடுகளை உண்டாக்கி, பொம்மைகள் படிக்கிற அளவுக்கு, தீப்பெட்டி அளவில் புத்தகங்கள் எழுதித் தைத்தார்கள். பின்னாளில் 'ஜேன் அய்ர்' எழுதிய கை அங்கேதான் பழகியது. பொம்மை அண்ணன் தம்பிக்கு வந்தது; இலக்கியத்தை அக்கா தங்கைகள் எடுத்துக்கொண்டார்கள்.

இன்னொரு சாட்சியும் உண்டு. 1942இல் அட்லாண்டிக்கில் ஜெர்மானிய நீர்மூழ்கிகள் பிரிட்டனின் சரக்குக் கப்பல்களை மூழ்கடித்துக்கொண்டிருந்தபோது, லிவர்பூலில் கில்பர்ட் ராபர்ட்ஸ் என்ற அதிகாரியின் கீழ் ஒரு போர்விளையாட்டுப் பிரிவு தொடங்கப்பட்டது. தரையே கடல். சுண்ணாம்புக் கோடுகள் கப்பலின் பாதை. அதை நடத்தியவர்களில் பெரும்பாலோர் பெண்கள் கடற்படையைச் சேர்ந்த இளம்பெண்கள். கடல் போர் எதையும் கண்டதில்லை. ஜீன் லெயிட்லா என்ற இளம்பெண் உருவாக்க உதவிய உத்தியைப் பாதுகாப்புக் கப்பல்கள் கடலில் கையாண்டன. நீர்மூழ்கி அனுபவம் மிகுந்த அட்மிரல் மேக்ஸ் ஹார்ட்டன் அந்தத் தரையில் நீர்மூழ்கியாக ஆடி, ஜேனட் ஓகல் என்ற பெண்ணிடம் திரும்பத் திரும்பத் தோற்றார். பெண்ணுக்குப் படை நகர்த்தும் மூளை கிடையாது என்கிறவர்கள் அந்த அட்மிரலிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

இன்றைய நிலைக்கு வருகிறேன். உலகில் அதிகம் ஆடப்படும் இவ்வகை ஆட்டம் 1987இல் வந்த வார்ஹாமர் 40,000. இங்கிலாந்தின் கேம்ஸ் வொர்க்‌ஷாப் நிறுவனத்துடையது. அதன் முகப்புப் படையான விண்வெளி வீரர்கள் அனைவரும் ஆண்களே என்பது கதையின் விதி. 2024 ஏப்ரலில் வேறொரு படையான கஸ்டோடியன்களில் ஒரு பெண் இருப்பதாகப் புதிய விதிநூலில் ஒரு சிறு கதை வந்தது. உலகெங்கும் வளர்ந்த ஆண்கள் கொதித்துப் போனார்கள். நாற்பதாயிரம் ஆண்டுக்குப் பிறகு நடக்கிற கதை. பூதம் உண்டு, பேய் உண்டு, செத்த பிறகும் அரியணையில் அமர்ந்து ஆளும் பேரரசன் உண்டு. அதையெல்லாம் நம்பியவர்களுக்குப் பத்தடி உயரத்தில் ஒரு பெண் என்பதை மட்டும் நம்ப முடியவில்லை. சிற்றில் தங்களுடையது என்று நினைக்கிறவனுக்கு அடுத்தவள் உள்ளே வந்தால் வருகிற கோபம் அது. நம்முடையதைக் கலைத்தால் விளையாட்டு. அவர்களுடையதில் நாம் ஒரு மூலையில் உட்கார்ந்தால் பண்பாட்டு அழிவு.

உள்ளூரிலும் இதற்குச் சின்ன பதிப்பு உண்டு. சென்னையில் ஒரு கடையில் பூஜ்ஜிய எண் தூரிகை கேட்டபோது, "பையனுக்கு என்ன வயசு மேடம்?" என்றார்கள். ஆட வந்த இடத்தில் என் படையைப் பார்த்து, "சார் நல்லா பெயின்ட் பண்றாரு" என்று பாராட்டினார் ஒரு தம்பி. சார் வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தார். அந்தப் படைக்குப் பூசிய கறுப்பு மை கலந்த தண்ணீர் பள்ளங்களில் தங்க ஓர் இரவு, மேட்டில் உலர் தூரிகை இழுக்க ஓர் இரவு, கண்ணுக்கு இன்னோர் இரவு. ஐப்பசி மழையில் புதுச்சேரிக் காற்றின் ஈரத்தில் வார்னிஷ் அடித்தால் வெண்புகை படிந்துவிடும் என்று காத்திருந்தது மூன்று வாரம். விடைத்தாள் திருத்தி, இட்லிக்கு மாவரைத்து, அத்தைக்கு மாத்திரை கொடுத்த பிறகு கிடைத்த இரவுகள் அவை.

இனி எனக்கு உண்மையிலேயே முக்கியமான எதிர்ப்பு. அது நம் தோழிகளிடமிருந்து வருகிறது. "போர் ஆணின் கண்டுபிடிப்பு. அதை ஒரு பெண்ணியவாதி மேசையில் வைத்து ஆடலாமா? அதுவும் 2009க்குப் பிறகு, தமிழில்?" இந்தக் கேள்வியை நான் எளிதாகத் தாண்டிப் போகமாட்டேன். முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு போரை விளையாட்டு என்று எழுத எந்தக் கைக்கும் கூச்சம் வர வேண்டும். ஆனால் பெண்ணைப் போரிலிருந்து நம் இலக்கியம் என்றைக்கு விலக்கி வைத்தது? ஒக்கூர் மாசாத்தியாரின் புறப்பாட்டில் தந்தையையும் கணவனையும் களத்தில் இழந்தவள், தலைக்கு எண்ணெய் தடவி, ஒரே மகன் கையில் வேலைக் கொடுத்து அனுப்புகிறாள். பிள்ளை கொடுக்க, பிணம் தேட, நடுகல்லுக்குப் படைக்கப் பெண் வேண்டும். வரைபடத்தைச் சுற்றி நிற்கிற இடத்தில் மட்டும் அவள் வேண்டாம். விலகி நிற்பதால் போர் நிற்கவில்லை. மேசைக்கு வந்தால்தான் அங்கே என்ன பொய் சொல்லப்படுகிறது என்றாவது தெரியும்.

அந்தப் பொய்யை நான் பொருளாகவே பார்த்தேன். இந்த ஆட்டங்களுக்கு விற்கப்படும் நிலப்பொருள்களில் முக்கியமானது இடிந்த வீடு. விதியில் அதற்கு 'மறைவிடம்' என்று பெயர். அதன் பின்னால் நின்றால் வீரன் சுடப்படும் வாய்ப்பு குறையும். சுவரில் ஓட்டை உண்டு, சரிந்த கூரை உண்டு. அடுப்பு இல்லை. யாருடைய வீடு என்ற கேள்வியே அந்த ஆட்டத்தில் எழாது. எல்லாப் போர் மேசைகளிலும் வீடு இப்படித்தான் மறைவிடமாகிறது.

என் மேசையில் அப்படி இல்லை. வீடுகளைத் தெர்மோகோலிலும் நெட்டியிலும் செய்கிறேன். காய்ந்த டீத்தூளில் தோட்டம், தேங்காய் நாரில் கூரை. உள்ளே எம்-சீலில் உருட்டிய அடுப்பு, அம்மி, தொட்டில். கொடியில் துணி காய்கிறது. வில்லியனூர்க் களிமண்ணிலும் செய்து பார்த்தேன். காய்ந்து சுடுகையில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கு சுருங்கும். அதைக் கணக்கிட்டுக் கதவைப் பெரிதாக வைக்க ஒரு குயவர் வீட்டு அக்கா சொல்லிக்கொடுத்தார். ஆட்டத்தில் ஒரு விதியும் சேர்த்திருக்கிறேன்: எவர் படை வீட்டை இடித்தாலும் அவர் பெற்ற வெற்றிப் புள்ளி போய்விடும். என்னோடு ஆடுகிற மாணவர்கள் முதலில் முணுமுணுத்தார்கள். "இப்படி இருந்தா யாரும் ஜெயிக்க முடியாது மேடம்." ஆமாம். அதைத்தான் வெல்ஸும் தன் நூலின் முடிவில் ஏறத்தாழ சொல்லியிருக்கிறார்: சிறு போரை ஆடிப் பார்த்தவனுக்குப் பெரிய போர் எவ்வளவு மடத்தனம் என்று புரியும் என்று. அடுத்த ஆண்டே ஐரோப்பாவின் பையன்கள் பெரிய போருக்குப் போனார்கள். மேசையில் யாரும் அடுப்பு வைக்கவில்லை.

அந்த அக்காவைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். வில்லியனூர்ச் சுடுமண்ணும் திருக்கனூர்க் காகிதக்கூழ்ப் பொம்மையும் புவிசார் குறியீடு பெற்றவை. வில்லியனூர்ச் சுடுமண் கலைஞர் முனுசாமிக்கு 2020இல் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டபோது இந்தப் பகுதியே பெருமைப்பட்டது, நானும்தான். ஆனால் பொதுவாக இந்தத் தொழிலில் பல ஊர்களில் சக்கரம் ஆணுடையது. மண் மிதிப்பது, கல் பொறுக்குவது, காயவைப்பது, வண்ணம் தீட்டுவது பெண்ணுடையது. மானாமதுரைக் கடத்தைத் தட்டித் தட்டி நாதம் ஏற்றிய மீனாட்சி அம்மாளுக்குச் சங்கீத நாடக அகாதெமி விருது வந்தபோது பலருக்கு அது செய்தியாக இருந்தது: ஓ, இதைப் பெண்களும் செய்கிறார்களா? எப்போதும் செய்துகொண்டுதான் இருந்தார்கள். நவராத்திரிக்கு முந்திய மாதங்களில் ஒரு நாளில் எத்தனை பொம்மைக்குக் கண் எழுதுவாய் என்று அக்காவிடம் கேட்டேன். "எண்ணினா கை நிக்கும் டீச்சர், எண்ண மாட்டேன்" என்றார். எனக்கு ஒரு கண்ணுக்கு ஓர் இரவு. அவருக்கு அந்தச் சொகுசு இல்லை.

ஆகவே என் ஓய்வை மட்டும் கேட்டு இந்தக் கட்டுரையை முடித்தால் அது பாதிக் கட்டுரை. மாதச் சம்பளம் வாங்கும் விரிவுரையாளர் தன் சந்தோஷத்துக்காகத் தூரிகை எடுப்பதும், கூலிக்குத் தூரிகை எடுத்தவள் தன் சந்தோஷத்துக்காக ஒரு பொம்மையாவது செய்வதும் ஒரே உரிமையின் இரண்டு முனைகள். முதலாவது கிடைத்து இரண்டாவது கிடைக்காவிட்டால், பிரிட்டன் கம்பெனி வீரர்களுக்கு வண்ணம் தீட்டிய பெண்களின் கதைதான் மறுபடியும்.

என் கோரிக்கைகள் சிறியவை. வீட்டில் ஒரு மேசை, பத்தாம் நாள் கலைக்கத் தேவையில்லாதது. 'யாருக்காக?' என்று யாரும் கேட்காத வாரத்தில் இரண்டு மாலைகள். விற்கப்படும் ஒவ்வொரு பொம்மையின் அடியிலும், வனைந்தவர் பெயருக்குப் பக்கத்தில் கண் எழுதியவளின் பெயர். அந்தக் கண்ணுக்குத் தகுந்த கூலி. பள்ளியிலும் கல்லூரியிலும் சிற்றில் பருவத்தை நடத்துகிறவர்கள், கலைக்க வந்தவனின் பாதத்தை வியந்து முடித்த பிறகு, கட்டியவளின் முதுகுவலியைப் பற்றியும் ஒரு கேள்வி கேளுங்கள். ஐந்து மதிப்பெண் கேள்வியாக இருந்தாலும் போதும்.

சிறுமிகளுக்கு ஒன்று. பிள்ளைத்தமிழில் நீங்கள் கெஞ்சுகிறீர்கள். இனிக் கெஞ்ச வேண்டாம். காலைத் தூக்கிக்கொண்டு வருகிறவனிடம் சலித்த மணலையும் சல்லடையையும் கொடுத்து, உட்கார்ந்து கட்டச் சொல்லுங்கள். முடியாது என்றால், தெருவின் அந்தப் பக்கமாகப் போகட்டும்.